அம்மாவிடம் சொல்வதற்கு முன் உங்களுக்கென்று யார் இருக்கிறார்கள்?

வெள்ளவத்தையிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தது. அப்பா உயிரோடு இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி வீட்டில் அம்மாவோடும் அம்மம்மாவோடும் இருக்கிறார். கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை. அண்ணா குடும்பமாக டொரண்டோவில் இருக்கிறார், வீட்டு வாடகையில் பாதியை அவர்தான் அனுப்புகிறார். வாசகியும் இன்னொரு பெண்ணும் மூன்று வருடங்களாகக் காதலிக்கிறார்கள். அந்தப் பெண் ஹற்றன் பக்கத்தைச் சேர்ந்தவர், கொட்டாஞ்சேனையில் பெண்கள் விடுதியொன்றில் தங்கி வேலைக்குப் போகிறார். வீட்டைப் பொறுத்தவரை அவர் ஒரு சிநேகிதப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா பிட்டும் கறியும் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவாராம்.

இப்போது அண்ணா ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளை கனடாவில். சாதகம் பொருந்திவிட்டது, தைக்கு முன் பதில் வேண்டும் என்கிறார்கள். "அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடவா? சொன்னால் அவ தாங்குவாவா? இல்லையென்றால் எங்களைப் போலவே இருக்கிற ஆண் ஒருவரை ஒப்புக்குக் கலியாணம் செய்தால் எல்லாருக்கும் நல்லதில்லையா?" என்று கேட்கிறார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஒரு மச்சாள். அவர் "இதை மாற்றுகிற கவுன்சிலிங் இருக்கு" என்று ஓர் இடத்தைச் சொல்லியிருக்கிறார். "சட்டம் ஆண்களுக்குத்தான், பெண்களைத் தொடாது என்று வாசித்தேன், ஆனாலும் பொலிஸைக் கண்டால் நெஞ்சு அடிக்கிறது. கொழும்பில் இருக்கிற அமைப்புகள் எல்லாம் ஆங்கிலம் பேசுகிற ஆட்களுக்கு. எங்கட சனத்துக்குள்ளே இப்படி ஒருத்தரும் இல்லை" என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு மாதமாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "சில இரவுகளில் நான் இல்லாமல் போனால் எல்லாருடைய பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது."

அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. அந்த எண்ணம் வந்து போகிறதா, அல்லது எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? அவ்வளவு தூரம் போயிருந்தால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கக்கூட வேண்டாம், இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் கதைக்கலாம். 1333 இன்னோர் இலக்கம், அதற்குக் கட்டணம் இல்லை. மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பான சுமித்ரயோ 1974 முதல் இயங்குகிறது, ஹோர்ட்டன் பிளேசில் உள்ள அவர்களின் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். எங்கேயும் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "இருக்கப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது" என்றால் போதும்.

எண்ணம் மட்டும்தான் என்றாலும் அதை உங்கள் துணைவிக்குச் சொல்லுங்கள். அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவரைப் பயப்படுத்தக் கூடாது என்று மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் உங்களுக்கு மிக நெருக்கமான ஆள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அப்புறம் நித்திரையும் சாப்பாடும். இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்குக் கிட்ட களுபோவில வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதற்கு நீங்கள் யாரைக் காதலிக்கிறீர்கள் என்று சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. வைத்தியரிடம் நம்பிக்கை வந்த பிறகு சொன்னால் உதவும். முதல் நாள் "வீட்டில் கலியாண நெருக்கடி, நித்திரை இல்லை" என்று ஆரம்பித்தால் போதும், அதுவும் உண்மைதான்.

எல்லாப் பாரமும் ஒருவர் மேல்

உங்கள் கடிதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா. எனக்கு அதைவிட அவசரமாகப் படுவது வேறு. மூன்று வருடங்களாக உங்கள் வாழ்க்கையின் பெரிய பகுதி ஒன்றை அறிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் உங்கள் துணைவி. மற்றவர் உங்களை மாற்ற நினைக்கும் மச்சாள். அம்மாவிடம் சொல்லி அன்று இரவு வீடு கலங்கிப்போனால், நீங்கள் யார் வீட்டுக்குப் போவீர்கள்? யாருக்கு போன் எடுப்பீர்கள்? இதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அந்தப் பதில் கிடைக்கும்வரை அம்மாவிடம் சொல்வதைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

கொழும்பில் யுத்த காலத்தில் வாழ்ந்த தமிழருக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸில் போன் வந்தால் குரலைத் தாழ்த்துவது, வெளிக்கிடும்போது அடையாள அட்டையைத் தொட்டுப் பார்ப்பது, ஊரிலிருந்து ஆள் வந்தால் பொலிஸ் பதிவைப் பற்றி யோசிப்பது. உங்கள் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். நீங்கள் இப்போது சொந்த வீட்டுக்குள்ளேயே அப்படி இருக்கிறீர்கள். போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள், சிரித்தால்கூட யார் செய்தி என்று கேட்பார்களோ என்று யோசிக்கிறீர்கள், "அவள்" என்று சொல்ல வரும் இடங்களில் "ஃபிரண்ட்ஸ்" என்று மாற்றுகிறீர்கள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் நாள் முழுக்க இப்படிக் காவல் இருக்கும் உடம்பு இரவில் எப்படி நித்திரை கொள்ளும்? இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் இதை விரிவாக எழுதினார், சிறுபான்மை அழுத்தம் என்று அதற்குப் பெயர். தன்பாலீர்ப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுவதற்கு மறைத்து வாழ்வதும், ஒதுக்கப்படுவோம் என்று எப்போதும் எதிர்பார்த்திருப்பதும், அந்த வெறுப்பைத் தன் மேலேயே திருப்பிக்கொள்வதும் காரணங்கள் என்றார். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: தன்னைப் போன்றவர்களின் துணை இந்த அழுத்தத்தைத் தாங்க உதவுகிறது. உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது, தனியாகச் சுமந்து களைத்துப்போன ஒரு பிள்ளை.

"எங்கட சனத்துக்குள்ளே இப்படி ஒருத்தரும் இல்லை" என்பது முதலில் கைவிட வேண்டிய நம்பிக்கை. யாழ்ப்பாணத்திலேயே யாழ் சங்கம் என்று தமிழ் பேசும் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் போன்றோர்) சேர்ந்து நடத்தும் அமைப்பு இருக்கிறது. சில வருடங்களாக யாழ் நகர வீதிகளில் வானவில் கொடியோடு நடைபவனி போகிறார்கள். அதில் திருநங்கைகள் இருக்கிறார்கள், உங்களைப் போன்ற பெண்கள் இருக்கிறார்கள், சும்மா துணைக்கு வரும் சிநேகிதர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் இப்படிப்பட்டவர்களின் உரிமைகளுக்கான ஈக்குவல் கிரவுண்ட் என்ற அமைப்பு 2004 முதல் வேலை செய்கிறது, மூன்று மொழிகளிலும் வெளியீடுகள் செய்திருக்கிறது. அங்கே ஆங்கிலம்தான் அதிகம் கேட்கும் என்ற உங்கள் தயக்கம் முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் எந்த அமைப்புக்குப் போனாலும் தமிழர் முதலில் உணர்வது அதைத்தான். அதனால் போன் எடுக்கும்போதே "தமிழில் கதைக்கக்கூடியவர் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டொரண்டோவிலும் தமிழ்த் தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று சிநேகிதன் என்ற குழு இயங்கியிருக்கிறது. உங்கள் அண்ணா வாழும் அதே ஊரில்.

எங்கேயும் போய் உறுப்பினராகச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. கொடி பிடிக்கவும் வேண்டாம். உங்கள் கதையை முழுதாகத் தெரிந்த, உங்களை மாற்ற நினைக்காத இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் இந்த அமைப்புகள் வழியாகக் கிடைக்கலாம். இன்னொருவர் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். வைத்தியரோ உளவளத்துணையாளரோ மூன்றாமவர். யாரிடம் சொல்லலாம் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது: செய்தியில் வந்த விஷயம் ஒன்றைப் பொதுவாகப் பேச்சில் எடுத்துப் பாருங்கள். முகம் எப்படிப் போகிறது, என்ன வார்த்தை வருகிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

உங்கள் துணைவிக்கும் அப்படி ஆட்கள் வேண்டும். அவர் விடுதியில் இருக்கிறார், வீடு மலையகத்தில், இங்கே அவருக்கு நீங்கள் மட்டும்தான். நீங்கள் இருவரும் சண்டை பிடித்தால் ஆறுதல் சொல்லவும் ஆளில்லை. நல்ல காதலும் இந்த நெருக்கத்தில் மூச்சுத் திணறும். கலியாணப் பேச்சு வந்ததிலிருந்து உங்களுக்குள் சண்டை கூடிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சம்பந்தம் அவருடைய வாழ்க்கையையும் பாதிக்கிற விஷயம். முடிவை எடுத்துவிட்டு அவரிடம் அறிவிக்காதீர்கள், இருவரும் சேர்ந்து இருந்து கதையுங்கள்.

சட்டமும் பொலிஸ் பயமும்

பெண்களைச் சட்டம் தொடாது என்று நீங்கள் வாசித்தது பழைய நிலைமை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபால் உறவுச் செயல்களைத் தண்டிக்கப் பயன்படும் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டும் குறித்தது. 1995இல் செய்த திருத்தத்தில் அது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதில் இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. இந்தியாவில் ஒருபால் உறவு குற்றமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பற்றித் தமிழ்நாட்டுக் காணொளிகளில் பார்த்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் பலர். அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது.

சரி, அப்படியென்றால் பொலிஸ் வீட்டுக் கதவைத் தட்டுமா என்று உடனே பயப்படாதீர்கள். சட்டம் சில செயல்களைத்தான் குற்றம் என்கிறது. நீங்கள் ஒரு பெண்ணை நேசிப்பவர் என்பதோ, இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பதோ குற்றமில்லை. 2016இல் இரண்டு ஆண்களின் வழக்கில் உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை என்றாலும், சம்மதத்தோடு நடந்த விஷயத்துக்குச் சிறை பொருத்தமில்லை என்று கருதி ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. 2022இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, ஈக்குவல் கிரவுண்டைத் தொடங்கிய ரொசானா பிளேமர் கல்தேராவின் முறைப்பாட்டை ஏற்று, பெண்களின் உறவை இலங்கை குற்றமாக்கியிருப்பது உடன்படிக்கையை மீறுகிறது என்று சொன்னது. 2023இல் இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அந்தச் சட்டமூலமும் காலாவதியாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து நின்றுபோனது எனக்கு மிகுந்த வருத்தம்.

இந்தச் சட்டத்தின் உண்மையான தீங்கு மிரட்டலில்தான் இருக்கிறது. "வீட்டுக்குச் சொல்லுவேன், பொலிஸில் சொல்லுவேன்" என்று காசு கேட்பவர்களுக்கு அது கையில் கிடைத்த தடி. அப்படி யாராவது படத்தையோ செய்தியையோ காட்டி மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள், பதிலுக்குச் சண்டையும் பிடிக்காதீர்கள். கப்பம் கேட்பதுதான் அங்கே குற்றம். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நீங்கள் அவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. பொலிஸ் நிலையத்துக்குப் போவதென்றால் அவரோடு போங்கள். பொலிஸாரே தவறாக நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

உங்கள் நெஞ்சு அடிப்பதற்கு இந்தச் சட்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் இரவோடிரவாகப் பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை. உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்த நாட்களில் வெள்ளவத்தை வீடுகளில் பெரியவர்கள் எப்படி மூச்சுவிடாமல் இருந்தார்கள் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். அந்தப் பயத்தையும் இந்தப் பயத்தையும் பிரித்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஒப்புக்குக் கலியாணம்

இதைக் கேட்டதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். உண்மை தெரிந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் காப்பாற்ற இப்படிக் கலியாணம் செய்து, ஓரளவு நிம்மதியாக இருப்பதும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் அது மிகச் சுலபமாகத் தெரிகிறது: "இரண்டு வருடத்தில் பிரிந்துவிடலாம்." அப்படிப் பிரிய முடியாது. நம் நாட்டின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்று காரணங்கள்தான். திருமணத்துக்குப் பிந்திய சோரம், தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, திருமண வேளையிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை. இருவரும் ஒத்துக்கொண்டோம், பிரித்துவிடுங்கள் என்று கேட்க வழியில்லை. யாராவது ஒருவர் மேல் குற்றம் நிறுவப்பட வேண்டும், மற்றவர் அதைப் பெயரோடு சுமக்க வேண்டும்.

காணி விஷயமும் இருக்கிறது. ஊரில் உள்ள வீட்டை உங்கள் பெயருக்குச் சீதனமாக எழுதப்போவதாக அம்மா சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமானால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் சொந்தக் காணியைக்கூடக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. கலியாணத்துக்குப் பிறகு அது பொருந்துமா இல்லையா என்பது கணவருக்கு அது பொருந்துமா, அவருடைய நிரந்தர வதிவிடம் எது என்பதைப் பொறுத்தது, கொழும்பில் பல வருடம் இருக்கும் குடும்பங்களுக்கு அது சுலபமான கேள்வியும் இல்லை. ஒப்புக்கு ஒருவரைக் கலியாணம் செய்து, உங்கள் ஒரே சொத்தின் சாவியை அவர் கையெழுத்தில் வைக்கப் போகிறீர்களா? ஒரு சட்டத்தரணியைக் கேட்காமல் இந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

இதெல்லாம் தாண்டினாலும் அடுத்த வருடம் பிள்ளை எங்கே என்ற கேள்வி வரும். அதற்கு அடுத்த வருடம் எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள் என்று வரும். இப்போது ஒரு விஷயத்தை மறைக்கிறீர்கள், பிறகு ஒரு வீட்டையே மறைக்க வேண்டி வரும்.

கனடா மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று. கடிதத்தில் ஓரிடத்தில், "பேசாமல் அவரைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டால் அங்கே சுதந்திரம்தானே" என்கிறீர்கள். கனடாவில் 2005 முதல் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லும், உண்மைதான். ஆனால் அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. அவர் ஒரு துணையைத் தேடி வருகிறார். அவரை ஏமாற்றுவது அநியாயம், இதை நான் மென்மையாக்கிச் சொல்லப் போவதில்லை. வெளிநாடு போக விருப்பமிருந்தால் உங்கள் படிப்பையும் தொழிலையும் வைத்துப் போகும் வழிகளைப் பாருங்கள்.

"மாற்றுகிற" கவுன்சிலிங்

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உலக மனநல மருத்துவச் சங்கம் 2016இல், இதை மாற்ற முடியும் என்பதற்கு முறையான அறிவியல் ஆதாரம் எதுவுமில்லை, இத்தகைய சிகிச்சைகள் தீங்கு செய்யக்கூடியவை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இரண்டு இளம்பெண்களின் வழக்கிலேயே இப்படி மாற்ற முயல்வதைத் தடைசெய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெண்களும் வீட்டாருக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள்தான். ஜெபத்தில் மாறும், பூசையில் மாறும், மாத்திரையில் மாறும் என்று யார் சொன்னாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: மாறவில்லை என்ற குற்றவுணர்வும் உங்கள் தலையில் விழுகிறது. இப்போதைய மனநிலையில் அதை நீங்கள் தாங்கமாட்டீர்கள்.

எந்த உளவளத்துணையாளரிடம் போனாலும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "தன்பாலீர்ப்பை நீங்கள் நோயாகப் பார்க்கிறீர்களா? நான் சொல்வதை வீட்டாரிடம் சொல்வீர்களா?" இரண்டுக்கும் இல்லை என்ற தெளிவான பதில் வர வேண்டும். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மச்சாளோடு இதற்காகக் கோபிக்காதீர்கள். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் காத்திருக்கிறார், அது சின்ன விஷயமில்லை. "என்னை மாற்ற வேண்டாம், என்னோடு இருந்தால் போதும்" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். சிலர் வழி தெரியாமல்தான் பிழையான உதவியைக் கொண்டுவருகிறார்கள்.

அம்மாவும் அண்ணாவும்

சம்பந்தத்துக்குப் பதில் சொல்வதும் உங்கள் மனதைத் திறந்து சொல்வதும் வேறு வேறு வேலைகள். நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்க்கிறீர்கள். தைக்கு முன் தேவைப்படுவது முதலாவது மட்டும். அதற்குப் பொய் தேவையில்லை: "இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். இப்போது கலியாணம் செய்ய எனக்கு விருப்பமில்லை. என் முடிவு மாறினால் நானே சொல்லுவேன்." இதற்கு மேல் காரணம் அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அண்ணா ஒரு தீர்வு வைத்திருப்பார். முதலில் அம்மாவிடம், அதே நாளில் அண்ணாவிடம் சொல்லுங்கள். அண்ணா வாயால் அம்மா கேள்விப்படக் கூடாது. வாடகைக் காசை நிறுத்துவேன் என்று அண்ணா கோபத்தில் சொல்லலாம், அதனால் இந்த மாதத்திலிருந்தே வீட்டுச் செலவில் உங்கள் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப் பாருங்கள்.

இன்னும் ஒரு பாதுகாப்பு வேலை. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அம்மாவின் அலுமாரியில் இருந்தால், பிரதியாவது எடுத்து வெளியே நம்பிக்கையான ஆளிடம் வையுங்கள். சம்பளக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். உங்கள் அம்மா உங்களை அறையில் பூட்டி வைப்பவர் போலக் கடிதத்தில் தெரியவில்லை. ஆனால் உறவுகள் கூடினால் நிலைமை மாறலாம். போனைப் பறித்தால், வேலைக்குப் போகவிடாமல் மறித்தால், அடித்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதில்லை, பெற்றோர், சகோதரரும் அதில் அடங்குவர். கடுமையான மனத் துன்புறுத்தலும் அடங்கும். மகளிருக்கான உதவி இலக்கம் 1938. பதினெட்டு வயது தாண்டிய உங்களை யாரும் சம்மதமின்றிக் கலியாணப் பதிவில் கையெழுத்து வைக்கச் செய்ய முடியாது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் நாள் வரலாம், வராமலும் போகலாம். சொல்லாமல் இருப்பது அம்மாவை ஏமாற்றுவதாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாதுகாப்பாக இருக்கும்போது, விரும்பியவரிடம், விரும்பிய அளவு சொல்வது உங்கள் உரிமை. சொல்வதென்று தீர்மானித்தால் சண்டைக்கு நடுவிலோ விசேஷ வீட்டிலோ சொல்லாதீர்கள். அம்மம்மா நித்திரைக்குப் போன பிறகு, அவசரமில்லாத ஒரு மாலை நல்லது. முதல் நாள் அம்மா சொல்லும் வார்த்தைகளை அவருடைய கடைசி வார்த்தைகளாக எடுக்காதீர்கள். நீங்கள் இதைப் புரிந்துகொள்ள எத்தனை வருடம் எடுத்தீர்கள்? அவருக்கு ஒரு மாலையில் புரியுமா? அவர் அழுவார், சனம் என்ன சொல்லும் என்பார், எங்கே பிழைவிட்டேன் என்பார். உங்கள் துணைவி மலையகத்தவர் என்பதையும் சேர்த்து ஏதாவது சொல்லக்கூடும். வேறு ஊர் மாப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய பேச்சு அது. அந்த இடத்தில் மட்டும் உங்கள் துணைவிக்காக உறுதியாக நில்லுங்கள்.

அதையெல்லாம் தாண்டி அவரிடம் ஒரு பயம் இருக்கும்: நான் கண்ணை மூடினால் என் பிள்ளைக்கு யார்? கணவன் இல்லாமல் இந்த ஊரில் பிள்ளைகளை வளர்த்தவருக்கு அது சும்மா வந்த பயமில்லை. அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது யார் வந்தார்கள், வேலை போனால் யார் வீட்டில் இருப்பீர்கள் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இரண்டு மூன்று பேரை இப்போதிருந்தே தேடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவுக்கும் பேச ஆள் வேண்டும். நீங்கள் அழும்போது மச்சாள் இருப்பது போல, அவர் அழும்போது யார்? உறவுக்குள் வாய் காக்கும் ஒரு சின்னம்மா, ஒரு மாமி இருக்கிறாரா என்று யோசியுங்கள்.

அண்ணாவுக்கு ஆதாரம் காட்ட வேண்டி வந்தால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கெய்ட்லின் ரயனும் அவருடைய குழுவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய தன்பாலீர்ப்பு இளைஞர்கள், அவ்வாறு ஒதுக்கப்படாதவர்களைவிடத் தற்கொலைக்கு முயன்றது 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. குடும்பம் கொண்டாட வேண்டியதில்லை. திட்டாமல் இருப்பது, சாப்பிட்டாயா என்று கேட்பது, அந்தச் சிநேகிதியை வாசலில் மறிக்காமல் இருப்பது, இவையெல்லாம் ஒதுக்குவதைக் குறைக்கின்ற காரியங்கள். உங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார், யாருக்கு என்று தெரியாமல்.

இந்தக் கிழமை வைத்தியரிடம் போங்கள், துணைவியிடம் அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள். சம்பந்தத்துக்குரிய பதிலை அடுத்த மாதம் சொன்னாலும் காரியம் கெடாது. திரும்ப எழுதும்போது அலுவலக மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டாம், வீட்டில் எல்லாரும் பாவிக்கும் கணினியிலிருந்தும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள்: வைத்தியர் என்ன சொன்னார், இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை வருகிறது என்று.